பதினொரு ராடு

மிச்சமிருந்த வெல்டிங் ராடுகளைத் திரும்ப வைக்கலாம் என்று சூட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தபோதுதான் பெட்டி ஆறிக் கிடப்பது வெல்டர் பூனைக்குத் தெரிந்தது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பெட்டியின் வயிற்றில் வைத்துப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. மதியம் முழுக்க அதிலிருந்துதான் ஒவ்வொரு ராடாக உருவி உருவிப் பற்ற வைத்திருக்கிறான். வெல்டிங் கையுறை எருமைத்தோல் மாதிரி. சூடும் தெரியாது, சூடு இல்லாததும் தெரியாது.

மல்லாந்து படுத்தவாக்கிலேயே ஒயரைக் கண்ணால் பின்தொடர்ந்தான். முழங்காலிட்டால் தலை இடிக்கும் உயரம்தான் அவன் படுத்திருந்த தொட்டி. மேலே ஒரு முழ தூரத்தில் இரண்டு விரல் தடிமனுள்ள இரும்புத் தளம். அதன் அடிப்பக்கத்தில் இப்போதுதான் அவன் முடித்த இணைப்பு இன்னும் சூடு ஆறாமல் டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒயர் அவன் காலைத் தாண்டி, குறுக்குச் சட்டத்தைத் தாண்டி, மின்பலகையில் போய் முடிய வேண்டும். முடியவில்லை. பலகைக்குக் கீழே தரையில் அதன் பிளக் செத்த எலி மாதிரி கிடந்தது.

பலகையில் மூன்று துளைகள். ஒன்று கருகிப்போய் இரண்டு வாரம் ஆகிறது. ஒன்றில் விளக்கு. மற்றொன்றில் சூட்டுப் பெட்டி இருக்க வேண்டும், ஆனால் இருந்தது மேசை விசிறி. அது அவன் முகத்துக்கு நேராக நின்று, தலையை ஆட்டி ஆட்டி, இவ்வளவு நேரமும் காற்று வீசிக்கொண்டிருந்தது. இப்போதும் வீசியது. நெற்றி வியர்வை அதில்தான் உலர்ந்துகொண்டிருந்தது.

விசிறியை வைத்தது அவன் மனைவியின் தம்பி, அவனுக்கு உதவியாளாக இருக்கும் ரேடியோ. முப்பத்தெட்டு வயது. வாய் மூடாது. தொட்டிக்கு வெளியே மேன்ஹோல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருப்பவன் கேட்கிறானா இல்லையா என்று கவலைப்படாமல் ஊர்க்கதை, வீட்டுக்கதை, நேற்று டிவியில் பார்த்தது எல்லாம் ஒலிபரப்புவான். அதனால் அந்தப் பெயர். பூனைக்கு அந்தப் பெயர் வந்தது அவன் உடம்பால். தலை நுழைந்தால் போதும், மீதி தானே வந்துவிடும். ஐம்பத்திரண்டு வயதிலும் அந்த உடம்பு அப்படியே இருந்தது.

மூன்று நாளாக விடாத மழை. தொட்டிக்குள் குழாய்க் காற்று வந்தாலும் புழுக்கம் ஆளைப் பிழிந்தது. மதியம் மேலே ஏறி வந்தவன் ஒரு நிமிடம் கண் இருட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ரேடியோ அதைப் பார்த்துவிட்டான். சாப்பிட்டுவிட்டு இறங்கியபோது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "நல்லா இருக்குடா மாப்ள" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான் பூனை. எந்தத் துளையில் சொருகினாய் என்று கேட்கத் தோன்றவில்லை. காற்று வந்தால் யார் அதைக் கேட்பார்கள்.

பெட்டியில் மீதி இருந்ததை எண்ணினான். காலையில் எடுத்தது, மதியத்துக்கு முன்னால் போனது எல்லாம் கழித்தான். விசிறி வந்த பிறகு பற்ற வைத்தது பதினொரு ராடு.

ராடு என்பது உள்ளே கம்பி, மேலே மாவுப் பூச்சு. அந்த மாவு ஈரத்தை உறிஞ்சும். பாக்கெட்டைத் திறந்து வைத்தால் பிஸ்கட் நமத்துப் போவதில்லையா, அதுபோலத்தான். அதனால்தான் அதை அடுப்பில் காயவைத்து, சூட்டுப் பெட்டியில் போட்டு, சூடு விடாமல் கொண்டுவந்து பற்ற வைப்பது. நமத்த ராடு பற்றும்போது ஒன்றும் சொல்லாது. இணைப்பு பார்க்க வழுவழுவென்று மீன் செதில் அடுக்கியதுபோல அழகாகத்தான் வரும். ஆனால் ஈரம் இரும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வெளியே போக வழி தேடும். கிடைக்காவிட்டால் தானே வழி உண்டாக்கும். மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அது இரண்டு நாள் கழித்து வரலாம், நான்கு நாள் கழித்தும் வரலாம். வராமலே போகலாம். பழைய வேலையிடம் ஒன்றில், ஒரு வாரம் சும்மா கிடந்த பாலத்து உத்தரம் உச்சி மத்தியானத்தில் யாரும் தொடாமலே 'டங்' என்று வெடித்ததை அவன் காதால் கேட்டிருக்கிறான்.

"முடிஞ்சுதா மாமா?" என்று மேலிருந்து ரேடியோவின் குரல் வந்தது.

"முடிஞ்சுது."

சுத்தியலும் எண் அச்சும் எடுத்து, வழக்கம்போல இணைப்பின் ஓரத்தில் தன் எண்ணை அடித்தான். பதினேழு. யார் பற்ற வைத்தது என்று நாளைக்குக் கேள்வி வந்தால் இரும்பே பதில் சொல்லும். பிறகு மேலே ஏறினான். பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விசிறியையும் ஒயரையும் சுற்றி எடுக்க ரேடியோ உள்ளே இறங்கினான்.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது கடலில் மிதக்கும் ஒரு மேடை. ராக்கெட் இறங்குவதற்கு. வானத்துக்குப் போன ராக்கெட்டின் கீழ்ப்பாதி திரும்பி வந்து, நின்ற வாக்கில், நான்கு காலை விரித்து, நடுக்கடலில் இந்த இரும்புத் தளத்தின் மேல் இறங்குமாம். முதல் நாள் இதைக் கேட்டபோது கிரேன் ஓட்டுபவர் சொன்னார்: "கோவிச்சுக்கிட்டுப் போன என் பொண்டாட்டியே இன்னும் திரும்பி வரல. விட்ட ராக்கெட்டு வருமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். டிசைன் மேடமும் சிரித்தாள். முப்பது வயதைத் தாண்டிய ஒடிசலான பெண். மேடையின் வரைபடம் முழுக்க அவளுடையது. "வந்து நிக்கற எடம் சரியா இருந்தா வரும்ணே" என்றாள்.

கேன்டீனில் பாத்திரம் கழுவும் பெரிய தொட்டியை இழுத்து நடுவில் வைக்கச் சொன்னாள். தண்ணீர் நிரப்பி, ஒரு தட்டை மிதக்கவிட்டு, தட்டின் நடுவில் ஒரு டம்ளரை நிற்க வைத்தாள். கையால் தண்ணீரை அலைத்தாள். டம்ளர் சாய்ந்து விழுந்தது. தட்டின் அடியில் நான்கு பக்கமும் சிறு பொட்டலமாக மணலைக் கட்டி மறுபடி மிதக்கவிட்டாள். தட்டு கனமாக, ஆழமாக உட்கார்ந்தது. இப்போது அலைத்தாள். தட்டு ஆடியது, டம்ளர் நின்றது. மேடையின் வயிற்றில் இருக்கும் இருபத்துநான்கு தொட்டிகளும் அந்த மணல் பொட்டலங்கள்தான் என்றாள். அவற்றில் கடல்நீரை நிரப்பி மேடையைக் கனமாக்குவார்கள். இறங்கும்போது மேடையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள், படகு தூரத்தில் நிற்கும். இறங்கி முடிந்த பிறகு ஆறு பேர் ஏறிப் போய், ராக்கெட்டின் கால்களைத் தளத்தோடு கவ்வி மாட்டுவார்கள். "அதுவரைக்கும் அது சும்மாதான் நிக்கும். பத்து மாடி உயரம். கீழ அந்த ஆறு பேரு" என்றாள். சிரித்தவர்கள் எல்லோரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு அவள் கேட்டாள்: இந்தப் படத்தில் உங்களுக்கு எங்கே கஷ்டம் என்று. இத்தனை வருட வேலையில் யாரும் கேட்காத கேள்வி. பூனைதான், ஏன் என்று அவனுக்கே தெரியாமல், மேன்ஹோல் சின்னது என்று சொன்னான். ஆள் இறங்க அது போதும், ஆனால் மயங்கிக் கிடக்கிறவனைத் தூக்க ஆகாது என்றான். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள்.

அவனுக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன் வேறொரு கப்பல் யார்டில் இப்படியொரு தொட்டிக்குள் காற்று கெட்டுப்போய் அவன் விழுந்தான். வெளியே நின்ற நான்கு பேரும் ஆள் கூப்பிட ஓடினார்கள். ரேடியோ ஒருவன்தான் ஈரத்துண்டை வாயில் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். அது முட்டாள்தனம். அப்படி இறங்கி இரண்டாவது பிணமாகக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். பூனையின் பெல்ட்டைப் பிடித்து இழுத்து, துளையில் பூனையின் தோள் சிக்க, அதை ஒடித்து வெளியே தள்ளினான். இன்றைக்கும் மழை வந்தால் பூனையின் இடது தோள் முணுமுணுக்கும். வேலைக்குப் போகாமல் கிடந்த எட்டு மாதமும் இரண்டு வீட்டு உலையும் ரேடியோவின் கையால்தான் கொதித்தது. சொல்லிக்காட்டியதே இல்லை. ஊர் உலகத்தில் உள்ளது எல்லாம் பேசுகிறவன் அந்த ஒன்றை மட்டும் பேசமாட்டான். ஆனால் அதிலிருந்து பூனை எந்தத் தொட்டியில் இறங்கினாலும் விசிறி இல்லாமல் விடுவதில்லை. பலகைத் துளை கருகிப்போன இந்த இரண்டு வாரமாகத்தான் அது முடியாமல் இருந்தது.

பூனை இதையெல்லாம் மேடத்திடம் சொல்லவில்லை. "இழுத்துப் பாத்திருக்கோம் மேடம்" என்று மட்டும் சொன்னான். அடுத்த வாரம் வந்த வரைபடத்தில் இருபத்துநான்கு மேன்ஹோலும் பெரிதாகியிருந்தன. ஓட்டை பெரிதானால் தளம் பலவீனமாகும் என்று சுற்றிலும் ஒரு வளையம் வேறு. வளையத்துக்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும் என்று ஃபோர்மேன் முனகிக்கொண்டே போனார். பூனைக்குப் படம் முழுசாகப் படிக்க வராது. ஆனால் அந்த ஓட்டையின் அளவு புரிந்தது. தன் வாயிலிருந்து போன ஒரு சொல் இரும்பில் வாசலாகி நிற்பதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் தொட்டியில் அந்த வளையத்தைப் பற்ற வைத்த அன்று, யாரும் பார்க்காதபோது, இரண்டு தோளையும் அதில் வைத்துப் பார்த்தான். தாராளமாகப் போனது.

இப்போது ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் இவன். நடுவில் பதினொரு ராடு.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சூட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது உதவியாளின் வேலை. முதல் கேள்வி ரேடியோ மேல்தான் விழும். பன்னிரண்டு வருடமாக யார்டு யார்டாகத் தினக்கூலிக் கணக்கில் கிடந்தவன் பெயர் இந்த மாதம்தான் நிரந்தர ஆட்கள் பட்டியலில் ஏறியிருந்தது. மேடை கடலுக்குப் போனதும் கையெழுத்து. ஞாயிறு மத்தியானம், பௌர்ணமிக் கடல் ஏற்றத்தில் அது போக வேண்டும். அந்த ஏற்றத்தில்தான் துறை வாசலை மேடை தாண்டும். விட்டால் இன்னும் பதினைந்து நாள், அமாவாசை ஏற்றம் வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும்.

பற்ற வைத்து இரண்டு நாள் விட்டுப் பார்க்கும் சோதனை சனிக்கிழமை மாலை எப்படியும் இருக்கிறது என்று மனசுக்குச் சமாதானம் சொன்னான். இருந்தால் காட்டிவிடும். காட்டாவிட்டால் இல்லை. இப்போதே எதற்கு வாயைக் கொடுப்பது.

வெள்ளிக்கிழமை காலை அவன் மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டே கேட்டாள். மாடியில் தம்பி குடும்பம், கீழே இவர்கள். இரண்டு வீட்டுச் சத்தமும் அவளுக்கு அத்துப்படி. "உங்க ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?"

"ஒண்ணும் இல்லியே."

"நேத்திலேர்ந்து அவன் வாயத் திறக்கல. அவன் பொண்டாட்டி வந்து காய்ச்சலான்னு தொட்டுப் பாத்துட்டுப் போனாளாம். நீங்களும் உம்முனு இருக்கீங்க." டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். "எதுவா இருந்தாலும் நீங்களே விட்டுக் குடுத்துடுங்க. என் தம்பி இல்லேன்னா நீங்க இப்ப இங்க உக்காந்திருக்க மாட்டீங்க, சுவத்துல போட்டோவா தொங்கியிருப்பீங்க."

"தெரியும்" என்றான்.

ரேடியோ வாயைத் திறக்கவில்லை என்பது அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது. பட்டியல் கவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். தனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அன்று முழுக்க இருவரும் அடுத்த தொட்டியில் சில்லறை வேலை பார்த்தார்கள். ரேடியோ விசிறியைக் கொண்டுவரவில்லை. ஏன் என்று இவனும் கேட்கவில்லை. சூட்டுப் பெட்டியின் பிளக்கை மட்டும் ரேடியோ ஒரு பழைய துணியால் பலகையோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கேன்காரர் வந்தார். அவர் இரும்பின் மேல் பசை தடவி, கையடக்கமான ஒரு கருவியை அதில் வழுக்கி வழுக்கி நகர்த்துவார். இரும்புக்குள் சத்தத்தை அனுப்பி, திரும்பி வருவதைப் பெட்டித் திரையில் பார்ப்பார். கர்ப்பிணிக்குப் பார்க்கிற அதே வித்தை. அவர் தொட்டிக்குள் மல்லாந்ததும் மேன்ஹோலைச் சுற்றி நின்றவர்கள் வழக்கமான கேலியைத் தொடங்கினார்கள். "என்ன டாக்டர், பொண்ணா பையனா?" என்றான் ஒருவன். "ரெட்டைன்னு சொல்லிடாதீங்க, ஃபோர்மேன் மயங்கிடுவாரு" என்றான் இன்னொருவன்.

பூனை சிரிக்கவில்லை. ரேடியோவைக் காணோம். ஸ்கேன்காரர் அரை மணி நேரம் கழித்து, முதுகெல்லாம் பசையோடு வெளியே வந்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சுத்தம். ஒரு புள்ளிகூட இல்லை. "பதினேழாம் நம்பர் கைவேலைன்னா கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம்யா" என்று பூனையின் முதுகில் தட்டினார். பழைய தோளில் அந்த அடி விழுந்தது.

ஃபோர்மேன் அந்த இடத்திலேயே மூடியைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பெரிய மூடி. மற்ற யார்டுகளில் ஒருவன் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற மூடி, இங்கே இரண்டு ஆள் சுமை. அதை வாயில் பொருத்தி முதல் போல்ட்டை மாட்டினார்கள். பூனை அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆளைத் தோள் ஒடியாமல் தூக்க வேண்டும் என்பதற்காக ஒருத்தி சண்டை போட்டு அகலப்படுத்திய வாசல். அதைச் சாத்திக்கொண்டு உள்ளே பொய்யை வைப்பதா. ஆறு பேர் என்றாளே. அந்த ஆறு பேரின் முகம் அவனுக்குத் தெரியாது. தெரியாத முகத்துக்கெல்லாம் அவனால் ரேடியோவின் முகத்தைத்தான் வைக்க முடிந்தது.

இரண்டாவது போல்ட் மாட்டும்போது அவன் நடக்கத் தொடங்கியிருந்தான். ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டான். பிளக்கைப் பிடுங்கியது நான்தான் என்று சொல்லிவிடுவது. எண் பதினேழு. அடி அந்த எண்ணோடு நிற்கட்டும்.

டிசைன் மேடத்தின் அலுவலகம் ஒரு பழைய சரக்குப் பெட்டகம். ஜன்னல் வெட்டி, ஏ.சி. மாட்டியது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனான். மேசைக்கு முன்னால் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரேடியோ நின்றிருந்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களும் அந்தப் பிளக் விஷயமாதான் வந்தீங்களா?" என்றாள் அவள்.

பூனை ஒரு அடி முன்னால் வந்தான். "ஆமா மேடம். நாந்தான் கழட்டினேன். விசிறிக்காக. பெட்டி ஆறிப்போனது கவனிக்கல."

"இல்ல மேடம்" என்றான் ரேடியோ. "இவரு பொய் சொல்றாரு. நாந்தான் கழட்டினேன். இவருக்குத் தெரியவே தெரியாது. ஒயரு சுத்தும்போதுதான் நானே பாத்தேன். இவரு மேல ஒண்ணும் வராமப் பாத்துக்கங்க. ரெண்டு நாளா சொல்லணும்னு..."

"தெரியும்டா" என்றான் பூனை. "எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்."

ரேடியோ திரும்பினான். "அப்புறம் ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். "ஒரு பிளக்க ரெண்டு பேரு எப்படிங்க கழட்டினீங்க?" என்றாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. வேலை முடிந்து களைத்தவள் கேட்கிற கேள்வி. பிறகு பூனையைப் பார்த்து, "எத்தன ராடு?" என்றாள்.

"பதினொண்ணு. மூணாவது சட்டத்துலேர்ந்து அஞ்சாவது சட்டம் வரைக்கும்." பிறகு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் பாவம் என்பதுபோல, "ஸ்கேன்ல சுத்தம்னு வந்திருச்சு மேடம்" என்றான்.

அவள் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் நடுவே போய் நின்றாள். ராக்கெட்டின் கால் ஒன்று பதியும் இடம் அது. விரலால் ஒரு சட்டத்திலிருந்து இன்னொரு சட்டத்துக்கு மெல்லக் கோடிழுத்தாள். "ரெண்டு நாளுங்கறது காஞ்ச ராடுக்குப் போட்ட கணக்கு" என்றாள். "நமத்ததுக்குக் கணக்கு எங்கிட்டயும் இல்ல."

வரைபடத்திலிருந்து திரும்பிக் கேட்டாள்: "பலகையில மூணு பாயிண்ட் இருக்குமே. விசிறிக்கு எடம் ஏன் இல்லாமப் போச்சு?"

ஒன்று கருகி இரண்டு வாரம் ஆகிறது, ஃபோர்மேனிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று, நாளைக்கு நாளைக்கு என்கிறார் என்று ரேடியோ சொன்னான். அவள் அதை எழுதிக்கொண்டாள். எழுதிய பிறகு ஃபோனை எடுத்தாள்.

அவர்களை வெளியே நிற்கச் சொன்னாள். மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாக அவள் நிற்பதும் நடப்பதும் தெரிந்தது. எதிர்ப்பக்கம் யாரோ பெரிய மனிதர்கள் பேசினார்கள் போலிருக்கிறது. முக்கால்வாசி நேரம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு தடவை ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். ஒரு தடவை, கண்ணாடிக்கு வெளியேகூடக் கேட்கும்படி, "இல்ல சார், அவங்க வந்து சொன்னாங்க. யாரும் கண்டுபிடிக்கல. வந்து சொன்னாங்க" என்றாள். இழுவைக் கப்பல் வந்து நிற்கிறது, ஏற்றம் போகிறது, பதினைந்து நாள் நட்டம். எல்லாம் அவள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து வராந்தாவில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"உனக்குப் பட்டியல் போச்சுடா" என்றான் பூனை.

"உன் நம்பர் போயிருந்தா?" என்றான் ரேடியோ. பிறகு, "விசிறி மட்டும் வேணாம்னு சொல்லிடாத மாமா" என்றான்.

பூனைக்கு அழுகை வரும்போலிருந்தது. அழுது பழக்கமில்லாததால் தோளைத் தேய்த்துக்கொண்டான்.

அவள் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். "திங்கக்கிழமை தோண்ட ஆரம்பிச்சிடலாம். வீட்டுக்குப் போங்க." கதவைச் சாத்தப்போனவள் நின்றாள். "நல்லவேள" என்றாள். அவ்வளவுதான். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மூன்று நாள் தோண்டினார்கள். கரிக்குச்சியால் இரும்பை உருக்கி, காற்றால் ஊதித் தள்ளுவது. காது போகும், நெருப்புப் பொறி சட்டைக்குள் புகும். பற்ற வைப்பது ஒரு நாள் வேலை என்றால் பிய்ப்பது மூன்று நாள் வேலை. பதினொரு ராடும் அவற்றோடு இரண்டு பக்கமும் ஒரு சாண் நல்ல இணைப்பும் கரித்தூளாகக் கீழே கொட்டின. கடைசியில் ஃபோர்மேன் இறங்கி வந்து கேட்டார், விரிசல் இருந்ததா என்று. தெரியாது என்றான் பூனை. தோண்டும்போது இருந்ததும் இல்லாததும் சேர்ந்து உருகிப்போகும், அதை யாராலும் சொல்ல முடியாது.

"அப்ப ஒண்ணுமே இல்லாமக்கூட இருந்திருக்கலாம்" என்றார் ஃபோர்மேன், மேன்ஹோலுக்கு வெளியே நின்ற மேடத்துக்குக் கேட்கும்படி.

"இல்லாம இருந்திருந்தா நல்லதுதானே" என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமையே மின்பலகையில் மூன்றாவது துளை வேலை செய்தது. அதை மாட்டியது ஃபோர்மேன்தான், தன் கையால், யாருடைய முகத்தையும் பார்க்காமல். பூனை வெல்டர் பரீட்சைக்கு மறுபடி உட்கார வேண்டியிருந்தது, இருபது வயசுப் பையன்களோடு வரிசையில். ரேடியோவின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்று கடிதம். கேன்டீனில் இரண்டு வாரம் கேலி ஓயவில்லை. "உத்தமர் சங்கம் வருது, எந்திரிங்கடா" என்பார் கிரேன்காரர். ஓவர்டைம் போன கடுப்பு. சொல்லிவிட்டு, பெஞ்சில் நகர்ந்து இடமும் விடுவார். வீட்டில் அவன் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டும் லூசு" என்று சொல்லி, இருவருக்கும் சேர்த்தே சாப்பாடு போட்டாள்.

புது இணைப்பைப் பற்ற வைத்த அன்று விசிறி சுற்றியது. சூட்டுப் பெட்டியும் சுட்டது. ஒவ்வொரு ராடுக்கும் முன்னால் பூனை கையுறையைக் கழற்றி, பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். மேலே ரேடியோ பேச ஆரம்பித்திருந்தான். எதிர் வீட்டு நாய்க்குட்டி, மச்சினியின் பல் வலி, பரீட்சை எழுதப் போன தன் மாமா. பூனை அன்று எல்லாவற்றையும் கேட்டான். ஒரு சொல் விடவில்லை.

அமாவாசை ஏற்றத்தில் மேடை போயிற்று.

நான்காவது மாதம் ராக்கெட் இறங்கியதைக் கேன்டீன் டிவியில் காட்டினார்கள். வானத்தில் ஒரு பொறி தெரிந்தது, தளத்தில் வெளிச்சம் பரவியது, புகை வந்தது, பிறகு படம் அறுந்து கட்டம் கட்டமாக நின்றுவிட்டது. ரேடியோ பூனையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். படம் திரும்பியபோது அது நின்றிருந்தது. கரி பிடித்து, காலை விரித்து, ஒன்றும் நடக்காததுபோல. பின்னால் தட்டு அடிக்கும் சத்தம் எழுந்தது. மேடம் கடைசி பெஞ்சில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரேன்காரர் யாரிடமும் இல்லாமல், "வந்துருச்சேய்யா" என்றார்.

ஐந்தாம் நாள் காலை மேடை துறைக்கு வந்தது. ராக்கெட்டைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பூனை அதைப் பார்த்த நேரம் குறைவு. படிப்பாலம் போட்டார்கள். அதில் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். உப்புப் பூத்த முகங்கள். தோளில் பை. ஒருவன், இரண்டு பேர், நான்காவது ஆள் தாடிக்காரன். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. பூனை பாலத்தின் தலைப்பைப் பார்த்தபடி நின்றான். ஐந்தாவது ஆள், காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டே ஆறாவது ஆள்.

அந்த ஆறாவது ஆள் நேராக இவர்களிடம் வந்து, "அண்ணே, இங்க டீ எங்க கெடைக்கும்?" என்றான்.

"வாங்க" என்றான் ரேடியோ. ஆறு பேரையும் வாசல் கேட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போகும் வழியிலேயே கடலில் சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, அது இறங்கும்போது காது அடைக்குமா என்று ஆரம்பித்துவிட்டான். மேடை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கவில்லை. பூனை இரண்டு அடி பின்னால் போனான். ஆறு பேரும் டீ வாங்கிக்கொண்டு மரத்தடியில் நின்றார்கள். இத்தனை நாள் கடலில் இருந்தவர்களுக்குத் தரை இன்னும் நிற்கவில்லை. ஆறாவது ஆள் நின்ற இடத்திலேயே மெல்ல முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தான், அது தனக்கே தெரியாமல். அவன் கையில் டம்ளர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. அவன் ஆடினான். டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.